மழை மாதங்களில் தனித்திருப்பவர்களுக்குத் துணை: தேவாலா, பந்தலூர் பக்கம் எப்படி ஏற்பாடு செய்வது?

தேவாலா_மகளிர்குழு | சனி, காலை 10.15

எல்லோருக்கும் வணக்கம். ஜூனில் பிடிக்கிற மழை நீலகிரியில் எங்கள் பக்கம் செப்டம்பர் வரை விடாது. அந்த நாலு மாதமும் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கிற பெரியவர்களைப் பார்க்க ஆள் வருவது குறைந்துவிடுகிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும். பொழுது சாய்ந்தால் யானை பயம், பக்கத்து லைனுக்குக்கூட யாரும் போவதில்லை. ரேஷன், மாத்திரை எல்லாம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. மனசு விட்டுப் பேச ஆள்தான் இல்லை.

குழுவில் 12 பேர் இருக்கிறோம். தனியாக ஆள் இருக்கிற வீடு 19. ஒருவருக்கு எத்தனை வீடு? வாரம் எத்தனை முறை? போய் என்ன பேசுவது? எந்த நிலையில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்? நாளைக்கே செய்யத் தோதாகச் சொல்லுங்கள்.

மலைச்செவிலி | சனி, காலை 11.02

முதலில் அந்த 19 வீட்டையும் ஒரே பட்டியலாக வைக்காதீர்கள் அக்கா. தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. ஒற்றை ஆளாக இருந்தும் நிறைவாக இருப்பவர்கள் உண்டு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் ஒடுங்கிப் போனவர்களும் உண்டு. நீங்கள் வீட்டை எண்ணியிருப்பதால் இந்த இரண்டாவது வகையினர் உங்கள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள்.

மூன்று கேள்வி போதும். உலகம் முழுக்கத் தனிமையை அளக்கப் பயன்படுகிற சிறிய அளவுகோல் இது. துணைக்கு ஆள் இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கிவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? எல்லாரையும் விட்டுத் துண்டாகிவிட்டோம் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? இல்லை அல்லது எப்போதாவது என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் வருபவர்களை முதலில் எடுங்கள். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணை மாதிரிக் கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டுவிட்டு, வெளியே வந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: காது. கேட்காத காதோடு இருப்பவர் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார். கூச்சம்தான் காரணம். வீட்டார் "அப்பா இப்பல்லாம் பேசறதே இல்லை" என்பார்கள். முதல் சந்திப்பிலேயே அவர் முகம் பார்க்காத பக்கமிருந்து சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திரும்பவில்லையென்றால், அரசு மருத்துவமனையில் காது பரிசோதனைக்கு அழைத்துப் போவதுதான் முதல் உதவி. வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் கேட்காது.

இரட்டை_இலை | சனி, பகல் 12.40

ஆள் பொருத்துவதைப் பற்றிச் சொல்கிறேன். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் கூட இருக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். வாரம் ஒரு மணி நேரம் போனால் 200ஐத் தொடக் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும். கொழுந்து எடுக்கிறவர்களுக்கோ ஒரே நிரையில் (தேயிலைச் செடி வரிசையில்) நாளுக்கு 8 மணி நேரம், 25 நாளில் 200 மணி நேரம்! முப்பது வருஷம் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர். ஓய்வு பெற்ற மறுநாளே அது அறுந்துவிடுகிறது. குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் வீட்டையும் விட்டு வேறு லைனுக்கோ டவுனுக்கோ போக வேண்டியிருக்கிறது.

ஆகவே புதுத் துணையை உருவாக்குவதற்கு முன்னால் பழைய துணையைத் தேடுங்கள். "நீங்க யாரோட நிரை பிடிச்சீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கொஞ்சம் தள்ளி நெல்லியாளத்திலோ சேரம்பாடியிலோ இதே தனிமையில் இருக்கக்கூடும். மாதம் ஒரு நாள் ஜீப் பிடித்து இரண்டு பேரையும் ஒரு வீட்டில் உட்கார வையுங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே கப்பலில் வந்தவர்கள், ஹட்டனிலோ பதுளையிலோ ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று பழைய இழை இருக்கும். நீங்கள் பத்து வாரத்தில் எட்ட முடியாத இடத்தை அவர்கள் பத்து நிமிஷத்தில் எட்டிவிடுவார்கள்.

கோத்தகிரி_வாசகர் | சனி, மாலை 4.18

ஒரு மாற்றுக் கருத்து. நம் மலையில் படகர் ஊரான ஹட்டியானாலும் தோட்ட லைனானாலும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சாவு, கல்யாணம், ஹெத்தை ஹப்பா திருவிழா என்றால் ஊரே கூடுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆள் வைத்துத் துணை ஏற்பாடு செய்வது தேவைதானா? தனிமை என்பது நகரத்து நோய் இல்லையா?

ஆலோசகர்_குன்னூர் | சனி, இரவு 8.05

கேட்டது நல்ல கேள்வி ஐயா. விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நகரத்துக்கு மட்டும் உரியதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார். ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஆனால் உங்கள் கேள்வியின் மையம் வேறு: எல்லாரையும் தெரிந்த ஊரில் எப்படித் தனிமை வரும்? வரும். தெரிந்தவர் எண்ணிக்கை ஒன்று, நம்பிச் சொல்லக்கூடியவர் எண்ணிக்கை இன்னொன்று. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் எழுதியதன் சாரம் இதுதான். வாழ்க்கையில் பெரிய இடி விழுந்த பெண்களில், அந்தரங்கத்தைச் சொல்ல ஒரே ஒருவர் இருந்தவர்கள் மனச்சோர்வில் விழுவது குறைவாக இருந்தது. அதே குழுவினர் 1999இல் வெளியிட்ட சோதனையில், நாள்பட்ட மனச்சோர்வுள்ள பெண்களுக்கு ஒரு தன்னார்வலரைத் தோழியாக அனுப்பினார்கள். வாரம் குறைந்தது ஒரு மணி நேரம், ஒரு வருஷம். தோழி கிடைத்தவர்களில் 65 சதவீதம் பேர் தேறினார்கள். கிடைக்காதவர்களில் 39 சதவீதம். அந்தத் தன்னார்வலர்கள் யாரும் மருத்துவர்கள் அல்லர்.

சின்ன ஊரில் அந்த ஒருவர் கிடைப்பதுதான் கஷ்டம். காலையில் குழாயடியில் சொன்னது சாயங்காலம் இலை எடை போடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும் என்கிற பயம் வாயைக் கட்டிப்போடுகிறது. ஆகையால் தேவாலா அக்காவுக்கு நான் சொல்வது: ரகசியத்தை முதலில் ஏற்பாடு செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

துணையாகப் போகிறவர் அதே வரிசை லைனில் குடியிருக்கக் கூடாது. சொந்தக்காரராக இருக்கக் கூடாது. முக்கியமாக, கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது. மகளிர் குழு என்பதால் கடன் தவணை விஷயம் இடையில் வரும். தவணை பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு வசூல் பொறுப்பில் உள்ளவர் துணையாகப் போனால், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டவுடன் அந்த அம்மாவுக்கு வயிறு கலங்கும். அங்கே மனசு எப்படித் திறக்கும்?

லைன் வீட்டில் சுவர் பொது. பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். காய்கறிப் பாத்தியருகே நிற்கலாம், ரேஷன் கடைக்கு நடந்துகொண்டே பேசலாம். தகரக்கூரையில் மழை அடிக்கும்போது அடுப்பங்கரையில் உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் கேட்காது.

ரகசியத்துக்கு இரண்டே விலக்கு: உயிருக்கு ஆபத்து, அடி உதை. இந்த இரண்டையும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது என்னோட இருக்கும். உங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் நர்ஸம்மாகிட்ட சொல்லுவேன்." பின்னால் மீறியதாகத் தோன்றாது.

கோத்தகிரி_வாசகர் | சனி, இரவு 9.30

ஏற்றுக்கொள்கிறேன். கடன் தவணை விஷயத்தை நான் யோசித்திருக்கவில்லை. போய் உட்கார்ந்த பிறகு என்ன பேசுவது என்பதையும் எழுதுங்கள். அதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

ஆலோசகர்_குன்னூர் | ஞாயிறு, காலை 7.50

முதல் 10 நிமிஷம் அறிவுரை கிடையாது. இதை ஒரு சட்டமாகவே வையுங்கள்.

நல்ல எண்ணத்தோடு நாம் சொல்கிற மூன்று வாக்கியங்கள் பேச்சை நிறுத்திவிடும். "கவலைப்படாதீங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கு 'இதற்குமேல் சொல்லாதே' என்று கேட்கிறது. "உங்களுக்காவது இவ்வளவு இருக்கு, அந்தக் குடியிருப்புல பாருங்க" என்றால் தன் துக்கத்துக்குத் தனக்கே உரிமை இல்லை என்றாகிறது. "எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு நம் கதைக்குப் போய்விடும், திரும்பி வராது.

அதற்குப் பதில், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள். "ராத்திரிதான் ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு சொல்றீங்க." பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தோன்றும். அடுத்து வருவது பெரும்பாலும் உண்மையான விஷயமாக இருக்கும். கடைசியில் ஒரு கேள்வி: "நான் கேட்டுக்கிட்டா போதுமா, இல்லை ஏதாவது செஞ்சு தரணுமா?" கேட்டால் போதும் என்பவருக்கு வேலை செய்து கொடுத்தாலும், ஒழுகுகிற கூரைக்குத் தார்ப்பாய் கேட்பவருக்கு ஆறுதல் சொன்னாலும், இரண்டும் பிசகுதான்.

நல்ல சேதி சொல்லும்போதும் கவனம் வேண்டும். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004இல் காட்டியது, சந்தோஷத்துக்கு நாம் எப்படி முகம் கொடுக்கிறோம் என்பதிலும் உறவின் பலம் இருக்கிறது என்று. "பேரன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான்" என்கிறார் பாட்டி. "ஓ, சந்தோஷம்" என்று முடித்துவிடலாம். "பதினொண்ணாவதுக்கு ஊட்டிக்கா அனுப்புவீங்க, செலவாகுமே" என்று குளிர்ந்த தண்ணீர் ஊற்றலாம். "அட! யார் முதல்ல சொன்னா? நீங்க என்ன சொன்னீங்க? எந்தப் பாடத்துல நிறைய மார்க்?" என்றும் கேட்கலாம். மூன்றாவது மட்டுமே அவரை அந்த நிமிஷத்தில் இன்னொரு முறை வாழவைக்கிறது.

குந்தா_விவசாயி | ஞாயிறு, காலை 9.12

ஆண்களுக்கு இது அப்படியே பொருந்தாது. எதிரெதிரே உட்கார வைத்து "மனசுல என்ன இருக்கு" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். தோளோடு தோள் நின்று கையில் வேலை இருக்கும்போதுதான் வாய் திறக்கும். கவாத்துக் கத்தி தீட்டுவது, கேரட் கழுவுவது, வேலி கட்டுவது என்று ஏதாவது ஒன்று வேண்டும். குழு அக்காமார்கள் போவதோடு, அதே ஊரில் ஓய்வுபெற்ற மேஸ்திரியையோ டிரைவரையோ ஆண்களுக்குத் துணையாகப் பிடியுங்கள். சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் கால் போகும் நேரம் எதுவோ, அதே நேரத்துக்குச் சந்திப்பை வையுங்கள்.

மலைச்செவிலி | ஞாயிறு, பகல் 1.25

நேரில் போக முடியாத நாட்களுக்குப் போன். டெக்சாஸில் 2021இல் வெளியான ஒரு சோதனை உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. வீட்டுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டிருந்த 240 பேர், பெரும்பாலும் தனியாக இருந்தவர்கள். பாதிப் பேருக்கு 17 முதல் 23 வயதுள்ள சாதாரண இளைஞர்கள் 4 வாரம் போன் செய்தார்கள். முதல் 5 நாள் தினமும்; பிறகு எத்தனை முறை என்பதைப் போனில் பேசும் பெரியவரே முடிவு செய்தார். பேச்சு பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள். தனிமை, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் குறைந்தன.

இதில் கற்க வேண்டியது, தொடக்கத்தில் நெருக்கமாகப் போட வேண்டும் என்பது. வாரம் ஒரு முறை என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் முதல் நாள் மாதிரியே இருக்கும். நேரத்தை மாற்றாதீர்கள். 4 மணி என்றால் 4 மணி. அந்தப் பாட்டி 3.30க்கே போனை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். சிக்னல் இல்லாத வீடுகளுக்கு, எந்த மேட்டில் ஒரு கோடு வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வழுக்குகிற இடமென்றால் வேண்டாம், நேரில் போவதே மேல்.

பணியர்பாடி_பணியாளர் | ஞாயிறு, மாலை 3.40

பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் போவதாக இருந்தால் அந்தக் குடியிருப்பிலேயே ஒருவரைத் துணையாக எடுங்கள். தமிழில் பதில் சொல்வார்கள், ஆனால் துக்கத்தைத் தன் மொழியில்தான் சொல்ல வரும். வெளியிலிருந்து போகிறவர் அந்த ஆளுக்குப் பின்பலமாக இருந்தால் போதும்.

இரட்டை_இலை | ஞாயிறு, மாலை 5.15

இரண்டு இடத்தில் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ஒரே மனக்குறையை வாரா வாரம் அரைப்பது. மருமகள் பேச்சு, மகன் போன் எடுக்காதது என்று இருவரும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பேசினால் நெருக்கம் கூடும், பாரமும் கூடவே கூடும். அமண்டா ரோஸ் 2002இல் பிள்ளைகளிடம் கண்டது இதுதான். பெரியவர்களிடமும் அதையே பார்க்கலாம். முதல் முறை முழுசாகக் கேளுங்கள். மூன்றாவது முறையும் அதே பேச்சு வந்தால் "போன வாரத்திலிருந்து இதுல என்ன மாறியிருக்கு?" என்று கேளுங்கள். பிறகு எழுந்து கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

இரண்டாவது, ஒருபக்கமாகவே கொடுப்பது. வாங்கிக்கொண்டே இருப்பவர் கூசிப்போவார், ஒரு நாள் "இனி வர வேண்டாம்மா" என்பார். நன்றி கெட்டதனம் அல்ல, மானம். அவரிடமிருந்து எதையாவது கேட்டு வாங்குங்கள். ஊறுகாய்ப் பக்குவம், பிள்ளைக்கு மருந்து, கீரை விதை, ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுப்பது, எதுவானாலும் சரி. உதவி செய்வதையும் கண்ணில் படாமல் செய்யுங்கள். நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்கள் துணைகளையும் வைத்து நயல் போல்ஜர் 2000இல் காட்டியது அது: தான் உதவி வாங்குகிறோம் என்று தெரியாமல் வந்த உதவிதான் மனச்சுமையைக் குறைத்தது. "உங்களுக்காக விறகு கொண்டு வந்தேன்" என்பதைவிட, "அங்கே நனையுது, இங்கே வைச்சுக்கிறேன்" என்பது லேசாக இருக்கும்.

மலைச்செவிலி | ஞாயிறு, இரவு 7.30

மருத்துவமனைக்கு எப்போது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இல்லவே இல்லை 0, சில நாட்கள் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 2, கிட்டத்தட்ட தினமும் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். துணை என்பது மருந்துக்கு மாற்றல்ல. மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று துணையை நிறுத்துவதும் சரியல்ல.

"நான் இருந்து யாருக்கு என்ன", "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைபடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டு வராதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

பூச்சிமருந்து, களைக்கொல்லி வீட்டுக்குள் இருக்கவே கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்திருக்கிறார்கள். அதே யோசனையை இலை எடை போடுகிற சென்டரிலோ குழுக் கட்டடத்திலோ செய்யலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி, சாவி பொறுப்பாளரிடம். வேகம் தணியச் சில மணி நேரம் கிடைத்தாலே ஓர் உயிர் தப்பும்.

தேவாலா_மகளிர்குழு | திங்கள், காலை 6.45

எல்லோருக்கும் நன்றி. எழுதி வைத்திருப்பதைப் போடுகிறேன், திருத்துங்கள். இந்த வாரம் 19 வீட்டோடு, ஆள் நிறைந்த வீடுகளில் இருக்கிற பெரியவர்களிடமும் மூன்று கேள்வி. 6 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் மட்டும் பட்டியலில். 12 பேரில் 8 பேர் துணை, ஒருவருக்கு இரண்டே பேர். 2 பேர் மாற்றாள். ஒருவர் போன் கணக்கு. ஒருவர் நர்ஸம்மாவோடு தொடர்பு. கடன் வசூல் பார்க்கிற இரண்டு பேரையும் துணைப் பட்டியலில் சேர்க்கவில்லை. முதல் வாரம் 5 நாள் போன், ஒரு நாள் நேரில். பிறகு வாரம் இரண்டு போன், ஒரு முறை நேரில். நேரம் 3 முதல் 4.30. ஐந்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். செப்டம்பர் கடைசியில் முடிப்பதாக நினைத்திருக்கிறோம்.

ஆலோசகர்_குன்னூர் | திங்கள், காலை 8.20

ஒரே திருத்தம். செப்டம்பரில் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே பலரை இழந்தவர்களுக்கு அது இன்னொரு இழப்பு. முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மழை விட்டதும் போன் வாரம் ஒன்றாகும், நேரில் வருவது மாதம் ஒன்றாகும் என்று. அதற்குள் அந்த நிரைத் தோழியைக் கண்டுபிடித்திருந்தால் உங்கள் இடத்தை அவருக்கு விடுங்கள். மாற்றாள் இருவரும் முதல் மாதத்திலேயே ஒரு தடவை கூடப் போய் முகம் காட்டிவிட வேண்டும். துணை காய்ச்சலில் படுத்த அன்றைக்கு முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள்.

துணைகள் 8 பேரும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் கூடி உட்காருங்கள். வீட்டுப் பெயர் சொல்லாமல், தனக்குப் பாரமாக இருப்பதை மட்டும் பேசலாம். கேட்கிறவருக்கும் ஒருவர் கேட்க வேண்டும்.

தேவாலா_மகளிர்குழு | திங்கள், காலை 8.41

சேர்த்துவிட்டேன் சார். கூட்டம் வெள்ளிக்கிழமை, தவணைக் கூட்டம் இல்லாத வெள்ளியாகப் பார்த்து.